இத்தாவில் வந்த வாசம்

ஜின், பேய் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிற ஆள் நான். நீங்கள் சிரித்தாலும் சரி, இது எனக்கே நடந்தது, தம்பி.

ஜப்பான்காரன் காலம். எங்கள் ஊர் காஜா பேராங்கில் என் கணவர் காதர் அத்தர் விற்றுக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம் உஜோங் பாசிர் கடற்கரைக்குப் போனோம், கடல்மேல் மழை இறங்கி வந்தது, அந்த வாசத்தைப் பிடிக்கிறேன் என்று வெட்டிவேரையும் பண்டான் இலையையும் கெனாங்கா பூவையும் சந்தன எண்ணெயில் ஊறப்போட்டு மாதக்கணக்கில் மெனக்கெட்டார். கிடைத்தது ஒரே ஒரு குப்பி.

"கடல் தண்ணிய யாருங்க காசு குடுத்து வாங்குவா?" என்று கேலி செய்தேன்.

"இது விக்கிறதுக்கு இல்ல புள்ள, உனக்கு" என்றார்.

சயாமில் ரயில் பாதை போட அவரைப் பிடித்துப்போனபோது அந்தக் குப்பியை அவர் சட்டைப் பையில் நானே வைத்து அனுப்பினேன்.

அங்கிருந்து தப்பி வந்த ஒருவன், காதர் காலராவில் மௌத்தாகிவிட்டார் என்றான். நான் நம்பவில்லை. என்னை யார் கேட்டார்கள்? கணவனை இழந்தவள் வாசனை எதுவும் பூசாமல் வீட்டோடு இருக்கிற இத்தாவில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த வாசம், அதே மழை, அதே கடல், என் கையிலிருந்தும் கூந்தலிலிருந்தும் கிளம்பியது. எனக்கு உயிரே திரும்பி வந்தது போல இருந்தது. அவர் இருக்கிறார் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவருடைய அண்ணன் மனைவி ஓடி வந்தாள். நான் லாத்தா என்று கூப்பிடுவேன்.

"இத்தாவுல இருக்கிறவ அத்தர் பூசுவியாடி? யாருக்குடி இந்த மினுக்கு?"

"நான் பூசல லாத்தா! அவரு உசுரோட இருக்காரு!"

கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாக ஊற்றினாள். நம்பினால் நம்புங்கள், கழுவக் கழுவ வாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இவளுக்கு ஆம்பளை கேட்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். இத்தா முடிந்த கையோடு, புக்கிட் காதிலில் கிழங்குத் தோட்டம் வைத்திருந்த மனைவியில்லாத ஒருவருக்கு நிக்காஹ் முடித்தார்கள். கத்தினேன், அழுதேன். அரிசிக்கே வழியில்லாத காலத்தில் யார் காதில் விழும்?

ஜப்பான்காரன் தோற்றதும் சயாமிலிருந்து இன்னொருவர் வந்தார். முதலில் செத்தது வேறொரு காதராம். என் காதர் சண்டை ஓயும்வரை உயிரோடு இருந்து, கடைசியில் காய்ச்சலில் போனாராம். நான் இன்னொருவர் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே மூச்சோடு இருந்திருக்கிறார். அவர் உயிரோடு இருந்தபோது நடந்த நிக்காஹ் செல்லாது என்று மறுபடி இத்தா, அதே ஆளோடு மறுபடி நிக்காஹ். ஒரே மனிதருக்காக இரண்டு முறை விதவையானவள் நான். லாத்தாவை இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

இப்போதும் எப்போதாவது அந்த வாசம் வருகிறது. அந்த அத்தரைப் பற்றி இப்போதைய கணவரான இவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அது வரும்போதெல்லாம் இவர் பாயிலிருந்து எழுந்து, யாருமில்லாத வாசலைப் பார்த்து ஸலாம் சொல்வார். பதில் ஸலாம் வரும்வரை நிற்பது போல நின்றுவிட்டு, அப்புறம்தான் உள்ளே வருகிறவருக்கு வழிவிட்டு வெளியே போவார்.