பின்பக்கமாக வரும் பஸ்

எங்கள் ஊருக்கு பஸ் பின்பக்கமாகத்தான் வரும்.

ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம் பக்கம் போகிற சாலையில் பிரிந்து, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, எங்கள் ஊரோடு தார் முடிந்துவிடும். அந்த முடிவில் ஒரு ஆட்டோ திரும்பவே நாலு பேர் கை கொடுக்க வேண்டும். அதனால் ஊருக்குச் சற்றுக் கீழே, பலாமரத்து முக்கில் கொஞ்சம் அகலமாக இருக்கிற இடத்தில் டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொள்வார். கண்டக்டர் இறங்கி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு கூடவே நடப்பார். மிச்ச தூரம் முழுக்க ரிவர்ஸ். சாயங்காலம் வரும் அந்த பஸ் இரவு ஊரிலேயே தங்கும். காலையில் அதன் மூக்கு ஏற்காட்டைப் பார்த்தபடி தயாராக இருக்கும்.

எல்லா ஊரிலும் பஸ் இப்படித்தான் முதுகைக் காட்டிக்கொண்டு வரும் என்று நான் வெகு காலம் நம்பியிருந்தேன். சேலம் பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் நேராக உள்ளே நுழைவதை முதன்முதலில் பார்த்தபோது, கூச்சமில்லாத பஸ்களாக இருக்கின்றனவே என்று தோன்றியது.

அந்தப் பின்பக்க பஸ்ஸில் போய்த்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்புறம் காலேஜ் வாசலையும் மிதித்தேன். இதையெல்லாம் தன்னடக்கத்தோடு சொல்ல வேண்டுமாம். எனக்கு அது வராது. இப்போது ஏற்காடு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. என் தங்கச்சி அதே டவுனில் பிளஸ் டூ படிக்கிறாள். நர்சிங் படிக்கப் போவதாக எங்கள் வீட்டு ஆடுகளுக்கெல்லாம் அறிவித்துவிட்டாள்.

அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். அவள் சட்டம் எளிமையானது. "பஸ் இருக்கற வரைக்கும் படி சாமி. பஸ் நின்னுச்சுன்னா எங்கூட எஸ்டேட்டுக்கு வந்துரு." விடியற்காலையில் நடந்தே போகலாமே என்பவர்கள் காப்பிச் செடிக்குப் பின்னாலிருந்து காட்டெருமை தலையைத் தூக்கிப் பார்க்கிற அழகைக் கண்டதில்லை. ஹாஸ்டலோ? ஹாஸ்டலுக்கும் ஜெயிலுக்கும் அம்மா வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆக, தங்கச்சியின் நர்ஸ் உடுப்பு அந்த ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த பஸ்ஸுக்குத்தான் கூட்டம் போட்டார்கள்.

மழைக்காலப் பாதுகாப்புக்கும் கிராமச் சாலைப் போக்குவரத்துக்கும் சேர்த்து ஒரே கூட்டம். மழையைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்றபடி நல்ல வெயில் நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊராட்சித் தலைவர் ஒரு பெண். ஆகவே கூட்டத்துக்கு அவருடைய வீட்டுக்காரர் வந்திருந்தார். "படிச்ச புள்ள, பேசறதுக்கு ஆவும்" என்று என்னையும் அழைத்துப்போனார். பேச்சு முழுவதையும் அவரே பேசினார்.

கீழே சமவெளியிலிருந்து வந்திருந்த அதிகாரிக்கு யாரோ செல்போனில் எங்கள் பஸ் ரிவர்ஸில் ஏறுவதைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எந்த நாட்டுலங்க பஸ் முதுகு காட்டிட்டு ஊட்டுக்குப் போவும்? இதெல்லாம் பாதுகாப்பே இல்ல. மழைக்கு முன்னாடி ஊர் முடிவுல பஸ் திரும்பற எடம் ஒண்ணு ரெடி பண்ணுங்க. இல்லீன்னா நைட் ஹால்ட்ட கட் பண்ணிருவோம்."

நான் எழுந்தேன். "சார், ஊர் முடிவுல எடமில்லீங்க. அங்க ஒரு பள்ளம் ஓடுது. மேல எஸ்டேட் தண்ணி பூரா அதுலதான் எறங்கும்."

"இப்ப ஓடுதா?"

"இப்ப வெயில் காலமுங்க சார்."

"அப்ப ஓடல" என்றார். சிக்கல் தீர்ந்தது. தலைவரின் வீட்டுக்காரர் என் துப்பட்டா நுனியைப் பிடித்து உட்கார வைத்தார்.

கூட்டத்தின் மீதி நேரம் புயல் பாதுகாப்புக்குப் போயிற்று. சேலம் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் பாதையில் போக வேண்டும் என்றார்கள். குப்பனூர் பாதையிலும் சரிந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதற்குள் போண்டா வந்துவிட்டது. முடிவில் எல்லோருக்கும் ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். மின்கம்பியைத் தொடாதே, சரிவின் அடியில் நிற்காதே, ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்காதே. நல்ல நோட்டீஸ்தான். எங்கள் டிரைவர் அதை பஸ் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து இடது பக்கச் சாலை அவருக்குக் கொஞ்சம் குறைவாகவே தெரிந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. அதிகாரி ஒன்று கேட்டால், அதை மறுப்பது விருந்தாளிக்குச் சோறு இல்லை என்பதைப் போல. அதிலும் கேட்டது பஸ்ஸுக்காக. ஆளுக்கு ஒரு கூடையோடு இறங்கிவிட்டார்கள். எஸ்டேட்டில் கிடந்த கல், பலாமரத்து மேட்டு மண், இடிந்த ஆட்டுப்பட்டியின் சுவர், எல்லாம் பள்ளத்துக்குள் போயிற்று. அடியில் தண்ணீர் போகக் குழாய் வேண்டுமே என்றேன். குழாய் அடுத்த நிதியாண்டில் வருமாம். "அதுவரைக்கும் தண்ணி?" என்றதற்குத் தலைவரின் வீட்டுக்காரர், "தண்ணிக்கு வழி சொல்லித் தரணுமா கண்ணு? அதுபாட்டுக்குப் போயிக்கும்" என்றார். அம்மாவும் மண் சுமந்தாள். தங்கச்சி படிப்பாள் என்று ஒவ்வொரு கூடையையும் பத்திரமாகக் கொட்டினாள்.

ஓரத்துக்கு வரிசையாகக் கல் வைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். "பேருந்து திரும்புமிடம்" என்று பலகை வைத்தார்கள்; பலகையில் தலைவரின் வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். திறப்பு விழாவன்று பஸ் முதன்முதலாக நேராக ஊருக்குள் வந்தது. எதிர் வீட்டுப் பெரியவர் திடுக்கிட்டுப்போய், "என்னடா இது, மூஞ்சியக் காட்டிக்கிட்டு வருது" என்றார். அதிகாரி புதிய இடத்தின் மேல் நின்று காலால் தட்டிப் பார்த்தார். காலுக்கு அது திருப்தியாகவே இருந்தது.

அப்புறம் மழைக்காலம் வந்தது. எங்கோ கடலில் ஒரு புயல். கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் பேசிக்கொண்டிருந்தபோதே மேகம் வந்து மலை மேல் உட்கார்ந்துவிட்டது. அன்று காலை பஸ் நிறையப் பிள்ளைகளோடு ஏற்காடு போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவித்தார்கள். எங்களைப் போன்றவர்கள் கண் விழிக்கும் நேரம் அறிவிப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மேல் தப்பில்லை. பிள்ளைகளை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார வைத்திருந்து, மதியத்துக்கு மேல் அதே பஸ்ஸில் ஏற்றினோம். மறுநாள் தங்கச்சிக்கு அரையாண்டுத் தேர்வு. நனையாமல் இருக்க உயிரியல் புத்தகத்தைச் சுடிதாருக்குள் செருகியிருந்தாள். பார்ப்பதற்குப் புத்தகம்தான் அவளைச் சுமப்பதுபோல் இருந்தது.

பலாமரத்து முக்கு வந்தது. அதற்கு மேல் சாலையைக் காணவில்லை. நாங்கள் மூடிய பள்ளத்தைத் தேடி வந்த தண்ணீர், பள்ளம் இல்லாததால் எங்கள் தார்ச்சாலையைப் பள்ளமாக எடுத்துக்கொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், காப்பிக் கிளைகளோடு, எங்களை நோக்கி இறங்கியது. டிரைவர் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

மேலே வளைவில் குடையோடு தலைவரின் வீட்டுக்காரர் நின்று, "வாங்க, வாங்க, முழங்காலுக்குத்தான் வருது" என்று கையை ஆட்டினார்.

"ஏனுங்க, போயிரலாமுங்க" என்றார் கண்டக்டர். "இன்னைக்கு ஹால்ட் விட்டுட்டோம்னா, இந்த ஊரு ரூட்டு ஆகாதுன்னு எழுதிருவாங்க. காத்துட்டு இருக்காங்க."

பஸ்ஸில் எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். பஸ் நின்றால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். டிரைவர் முதல் கியரைப் போட்டார்.

நான் எழுந்து முன்னால் போனேன். கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸ் உள்ளே இருந்து பார்த்தால் வெள்ளைத் தாள்தான். பரவாயில்லை, எனக்கு மனப்பாடம். "ஓடும் தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அம்மிணி, அத ஒட்டுனதே நாந்தானுங்க" என்றார் டிரைவர்.

"ஒட்டுனா போதுங்களா? தண்ணிக்குக் கீழ ரோடு இருக்குதா இல்லியான்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"படிச்சவங்க சொல்லிட்டாங்க, தண்ணி நின்னுரும்" என்றாள் பின் சீட்டில் ஒரு அக்கா. அவள் வீட்டில் காலையில் வைத்த கறிக்குழம்பு காத்திருந்தது, கோபம் நியாயம்தான். ஒருவர், "பயமிருந்தா நீ எறங்கிக்க கண்ணு, நாங்க போயிக்கறோம்" என்றார். எனக்கும் பயம்தான். அது தண்ணீரைப் பார்த்து அல்ல, தங்கச்சி முகத்தைப் பார்த்து. பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற ஒரே ஆள் அவளுடைய அக்காவாக இருந்தாள்.

தங்கச்சி புத்தகத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "நாங்க எறங்கலீங்க" என்றாள் டிரைவரிடம். "பஸ்ஸும் போகக் கூடாதுங்க. எனக்கு நீச்சல் தெரியாது."

பஸ் சிரித்துவிட்டது. எங்கள் மலையில் யாருக்குத்தான் தெரியும்? அந்தச் சிரிப்பில் டிரைவர் கியரை மாற்றினார். முக்கிலும் தண்ணீர் ஏறியிருந்ததால் திருப்ப முடியாமல், பஸ் பின்பக்கமாகவே கீழே இறங்கியது. எங்கள் கண்டக்டருக்கு அது கைவந்த வேலை.

கீழே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கதவைத் திறந்துவிட்டார்கள். ரவை உப்புமா போட்டார்கள். கறிக்குழம்பு அக்கா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, உப்பு போதவில்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். அம்மா போன் பண்ணினாள். சோறாக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். படிக்க வைத்தது பஸ்ஸை நிறுத்தவா என்று கேட்டாள். "இனி பஸ்ஸு வராது. நீ நிம்மதியா இரு" என்று வைத்துவிட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் அவளே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"கண்ணு. பஸ்ஸு நிக்கற எடம் போயிருச்சு."

"என்னம்மா?"

"மண்ணு, கல்லு, பலவை, அல்லாம். நாங்க கொட்டுனது அத்தனையும். அப்படியே கீழ எறங்கிருச்சு. நொம்ப சத்தம் கேட்டுச்சு சாமி. இந்நேரம் பஸ்ஸு அங்கதான நின்னுருக்கும்?" அந்த நேரத்தில் டிரைவரும் கண்டக்டரும் வழக்கமாக பஸ்ஸுக்குள்தான் படுக்கையை விரிப்பார்கள். அம்மா அதைச் சொல்லவில்லை. "தங்கச்சி சாப்புட்டாளா?" என்று கேட்டாள்.

நான் டிரைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெளியே போய் பஸ்ஸை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு, "நோட்டீஸு நல்லாத்தான் எழுதியிருக்கறாங்க அம்மிணி" என்றார். பாராட்டு எழுதினவர்களுக்குப் போயிற்று.

மழை விட்டதும் அதிகாரி வந்தார். தேர்வைத் தள்ளிவைத்திருந்தார்கள்; ஆனால் பஸ் இன்னும் வரவில்லை. பள்ளம் தன் பழைய இடத்தில், யாரும் சொல்லித் தராமலே, சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி அதை உற்றுப் பார்த்தார். ஓடுதா என்று இந்த முறை கேட்கவில்லை.

"திரும்பறதுக்கு எடம் இல்லியே. ஹால்ட் எப்படிங்க தர்றது?" என்றார்.

தலைவரின் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். இடுப்பில் காப்பிப் பழக் கூடை. "ஏனுங்க சார், பழையபடி முதுகைக் காட்டிக்கிட்டே வரட்டுமுங்க. அப்ப ஒண்ணும் ஆவலீங்களே. மூஞ்சியக் காட்டுனதுக்குத்தான இத்தனையும்?"

"அது பாதுகாப்பில்லம்மா."

"மழையில பலாமரத்தோட நின்னுக்கட்டும். எம் புள்ள நோட்டீஸப் பாத்துச் சொல்லுவா."

எம் புள்ள என்றாள். ஊர் நடுவில். பஸ்ஸை நிறுத்தவா படிக்க வைத்தேன் என்று கேட்ட அதே அம்மா. நான் என் முகத்தை அடக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், வரவில்லை.

அதிகாரி நெடுநேரம் யோசித்து, நிரந்தரமாகத் திரும்புமிடம் அமையும் வரை இது ஒரு தற்காலிக ஏற்பாடு என்று அனுமதித்தார். எங்கள் ஊருக்கு பஸ் விட்ட காலம் முதல் அது அப்படித்தான் வந்துகொண்டிருந்தது என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. பாவம், ஏதோ ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு போனார்.

இப்போது கனமழை என்றால் பஸ் பலாமரத்தோடு நின்றுவிடும். தண்ணீர் சாலையில் ஏறினால் அதற்கும் கீழே, பள்ளிக்கூடத்தில். மற்ற நாட்களில் கண்டக்டர் விசிலோடு நடக்க, வண்டி பின்பக்கமாக ஊருக்குள் ஏறும். நோட்டீஸைக் கண்ணாடியிலிருந்து பிய்த்து டிரைவர் தன் சீட்டுக்குப் பின்னால், எழுத்து எங்களைப் பார்க்கும்படி ஒட்டிவிட்டார். தங்கச்சி எப்போதும் கடைசி சீட்டில்தான் உட்காருகிறாள். மடியில் உயிரியல் புத்தகம். ஏன் அங்கே என்று கேட்டேன்.

"எங்க உக்காந்தா என்னக்கா," என்றாள், "நம்மூருக்கு மொதல்ல போய்ச் சேர்றது கடைசி சீட்டுதான?"