குப்பம்மாள் எழுதியதும் நான் திருத்தியதும்

செங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் ஒரே செய்தியைச் சொன்னார்கள். நர்ஸ் குப்பம்மாளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான் என்றார்கள். ஜவ்வாது மலையில் அவர் எழுதிவந்த ஓடைச் சீட்டுகளின் பின்னால் இருந்த கை என்னுடையது என்றார்கள். மூன்றாமவர் என்னைப் பார்த்துக் கைகூப்பவும் செய்தார். அன்று நான் எழுந்து மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன். அந்தச் சீட்டுகளில் ஒரு சொல்கூட என்னுடையது அல்ல. அவர் மேலதிகாரிக்கு அனுப்பிய ஒரே ஒரு கடிதம்தான் என்னுடையது. அது என்ன செய்தது என்பதை அவரை அறிந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் இறந்த செய்தி எனக்கு அஞ்சலட்டையில் வந்தது. அவருடைய தங்கை இரண்டு வரி எழுதியிருந்தார்: "அக்கா செவ்வாய்க்கிழமை தவறிட்டாங்க. உங்களுக்கு மொதல்ல எழுதச் சொல்லியிருந்தாங்க." சாவுச் செய்தி தாங்கிய அட்டையைப் படித்ததும் கிழித்துவிடுவது வழக்கம். நான் கிழிக்கவில்லை. வேலூரிலிருந்து பஸ் பிடித்துச் செங்கம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எழுபதுகளில் என் கணவர் ஜமுனாமரத்தூரில் வனத்துறை ரேஞ்சராக இருந்தார். அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு சிற்றூர். அதில் ஓர் அறையும் வராந்தாவும் கொண்ட மருத்துவ நிலையம். குப்பம்மாள் அங்கே தனியாக இருந்த நர்ஸ். செங்கத்துப் பக்கம் அடிவாரத்தில் பிறந்தவர். பிரசவம் பார்ப்பார், ஊசி போடுவார், கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் கொடுப்பார். நான் முதன்முதலில் அங்கே போனது காய்ச்சலோடு. சுவரில் தொங்கிய நோயாளிச் சீட்டு ஒன்று கண்ணில் பட்டது. பெயர்: ஓடை. வயது: தெரியாது. ஊர்: மேலே. அதற்குக் கீழே, நாள்வாரியாக: முழங்கால் தண்ணி, தெளிவு. நண்டு உண்டு. அயிரை நிறைய. ராத்திரி தவளை சத்தம் உண்டு. கருமடுவில் நீர்நாய் இரண்டு.

"இது என்ன விளையாட்டு?" என்று கேட்டேன்.

"விளையாட்டு இல்லீங்கம்மா. புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. தண்ணி எங்கருந்து வருதுன்னு பார்க்கப் போனேன். புள்ளைக்கு ஒரு சீட்டு போட்டுட்டு, அது குடிக்கிற தண்ணிக்கு சீட்டு போடலன்னா இன்னா வைத்தியம்?"

மருந்தை வாங்கிக்கொண்டு அந்தச் சீட்டை இன்னொரு முறை படித்தேன்.

மருந்துக்கு வருகிறவர்கள் தங்கள் நோயைச் சொல்வதற்கு முன்னால் ஓடையின் நிலையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். சந்தை நாளில் ஜமுனாமரத்தூருக்கு வந்து, அந்த வாரச் சீட்டை ஒரு புளியமரத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டு உரக்கப் படிப்பார். எழுத்து தெரியாதவர்களே அங்கு அதிகம். சாமை மூட்டையோடு வரும் மலைக்காரர் சடையன், எல்லாரையும் வம்புக்கு இழுக்கிறவர், அவரை விடமாட்டார்.

"நர்ஸக்கா, ஓடைக்கு ஊசி போட்டியா?"

"ஒன் இடுப்புல போட்டதுல ஊசி ஒடஞ்சி போச்சி. புதுசு வந்தாத்தான் அதுக்கு."

சந்தையே சிரிக்கும். சிரித்துவிட்டு நின்று கேட்பார்கள்.

ஓர் ஆண்டு போன பிறகு சீட்டில் எல்லாமே நன்றாக இருக்கத் தொடங்கியது. வாரா வாரம் நன்றாக இருந்தது. குப்பம்மாளுக்குச் சந்தேகம் வந்து ஓடையோரமாக மேலே நடந்து பார்த்தார். ஓர் இடத்தில் கரை சரிந்து, நீர் சேறாகி, நண்டு வளைகள் வெறுமையாகக் கிடந்தன. யாரும் சொல்லவில்லை. காரணம் அவருக்குத் திரும்பி வரும் வழியிலேயே விளங்கிவிட்டது. அந்த மலையில் நோயாளியின் காதுபட யாரும் மோசம் என்று சொல்வதில்லை. சாகக் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாலும் "நல்லாயிருக்காரு" என்றுதான் சொல்வார்கள். ஓடைக்கு நோயாளிச் சீட்டு போட்டதும் அந்த மரியாதை அதற்கும் கிடைத்துவிட்டது.

"தப்பு என்னுதுதாம்மா" என்று என்னிடம் சொன்னார். "ஓடைய நானே பாயில படுக்க வச்சிட்டேன். அப்புறம் எவன் நெசத்த சொல்வான்?"

அன்றிலிருந்து "ஓடை எப்படி இருக்குது?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். "நேத்து இன்னா பார்த்த?" என்று மட்டும் கேட்டார். "கண்ணால பார்த்தத சொல்லு. நல்லதா கெட்டதான்னு நான் பார்த்துக்கறேன்." நான் வேலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பதினோரு ஆண்டு படித்தவள். இந்த வித்தியாசத்தை அங்கே எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான் என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கோடையில் நீர் வற்றும்போது மலைக்காரர்கள் காரைக்காயை இடித்துக் குட்டைகளில் கரைத்து மீன் பிடிப்பார்கள். மீன் மயங்கி மேலே வரும். வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் மறுநாள் தெளிந்து நீந்தும். கருமடுவு என்ற ஆழமான மடுவில் மட்டும் யாரும் கரைப்பதில்லை. மழை வந்ததும் மீன் அங்கிருந்துதான் மற்ற குட்டைகளுக்குப் போகும். ஒரு கோடையில் சடையன் காய் பொறுக்க அலுத்துப்போய், கிணற்றுக்கென்று வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் குட்டையில் கொட்டினார். மீன் கூடை கூடையாகக் கிடைத்தது. மறுநாள் எதுவும் தெளிந்து நீந்தவில்லை. அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் கொட்டினார்கள். சாலை வேலைக்குக் கீழிருந்து வந்திருந்த ஆட்களும் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடம் குடிநீருக்கென்று கொடுத்த பவுடர் மூட்டையாகவே இருந்தது.

குப்பம்மாள் சடையன் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் போனேன்.

"இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க?"

"நீதானே குடுத்த, நர்ஸக்கா. கெணத்துல போடு, தண்ணி சுத்தமாவும்னு நீதானே சொன்ன. கெணத்துக்கு நல்லது ஓடைக்குக் கெட்டதா?"

"கெணத்துல மீனு கீதா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அத நீ குடுக்கும்போதே சொல்லியிருக்கணும்" என்றார் சடையன்.

திரும்பும் வழியில் குப்பம்மாள், "அவன் சொல்றது ஞாயந்தாம்மா. எத சுத்தம் பண்ணும்னு சொன்னேன். எத கொல்லும்னு சொல்லல" என்றார்.

பவுடரைக் கொடுக்காமலும் இருக்க முடியாது. கோடையில் கிணறுகளை விட்டுவிட்டால் குழந்தைகள் சாகும். அதனால், பவுடரை ஆட்கள் கையில் தராமல் ஊழியர்களே கிணற்றில் போட வேண்டும், சாலை ஆட்களுக்கும் மூட்டையாகத் தரக் கூடாது என்று மேலதிகாரிக்கு எழுத முடிவு செய்தார். எழுதியதை என்னிடம் கொண்டுவந்து, பிழை பார்த்து நல்ல தாளில் எடுத்தெழுதித் தரச் சொன்னார். அவர் எழுதியிருந்தது இது:

"ஐயா, ஓடை சாவுது. நாம குடுத்த பவுடர்ல சாவுது. கருமடுவு ஒண்ணுதான் பாக்கி. அதுலயும் கொட்டிட்டா மழை வந்தாலும் மீன் வராது. பவுடர ஆளுங்க கையில குடுக்கறத இந்த வாரமே நிறுத்துங்க. நான் ஒருத்தி சொல்லி நிக்கல. யாராவது வந்து பாருங்க."

பிழையோடு ஒரு கடிதம் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. இதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதிக்கொடுத்தது இது:

"மேற்படி ஓடையில் வாழும் உயிரினங்களின் எண்ணிக்கையில் அண்மைக் காலமாக ஓரளவு குறைவு காணப்படுகிறது. கிருமிநாசினிப் பொருள்களின் பயன்பாடு இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. அவற்றின் விநியோக முறை குறித்துத் தாங்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

அவர் இரண்டு முறை படித்தார்.

"ரொம்ப அழகா இருக்குதுங்கம்மா. ஆனா இத படிச்சா எனக்கே ஒண்ணும் ஆவலன்னு தோணுது."

"அலுவலகத்துக்கு இப்படித்தான் எழுத வேண்டும், குப்பம்மா. சாவுது என்றெல்லாம் எழுதினால் சிரிப்பார்கள்."

"சிரிச்சா படிச்சிட்டான்னு அர்த்தம்" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். என் மீது இருந்த மரியாதையால் போட்டார். அந்த மரியாதையை நான் அன்று மறுத்திருக்க வேண்டும்.

பதில் ஐந்து வாரம் கழித்து வந்தது. குறைவு ஓரளவே என்று தெரிவதால் தற்போது நடவடிக்கை எதுவும் தேவைப்படவில்லை என்று இருந்தது. 'ஓரளவு' நான் போட்ட சொல். அதை அப்படியே எடுத்து எங்களிடம் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அதற்குள் கருமடுவிலும் கொட்டிவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை, தெரிந்தாலும் பயனில்லை. நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். பாறைகளின் மேல் மீன்கள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன. நண்டுகள் கரையேறப் பார்த்துப் பாதி வழியில் கிடந்தன. தண்ணீர் அடிவரை தெளிவாக இருந்தது. அவ்வளவு தெளிந்த நீரை நான் அந்த மலையில் பார்த்ததில்லை. கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையின் வாடை அடித்தது. குப்பம்மாள் அழவில்லை. குனிந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டி, அடியில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தபடியே மறுகரை வரை போனார். நான் இந்தக் கரையிலேயே நின்றேன்.

மழை வந்தது. ஓடை நிரம்பியது. அவர் கேட்பதை நிறுத்தவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒருநாள் சடையன் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார்.

"நேத்து இன்னா பார்த்த?"

"தண்ணி."

"தண்ணில?"

"தண்ணிதான், நர்ஸக்கா. வேற இன்னாத்த சொல்ல? நீதானே பார்த்தத மட்டும் சொல்லுன்னு சொன்ன."

குப்பம்மாள் சீட்டில் 'தண்ணி' என்று எழுதினார். சந்தையிலும் அதையே படித்தார். இப்போது யாரும் கேலி செய்யவில்லை. கொஞ்ச நாளில் நின்று கேட்பதும் குறைந்துபோனது. பிறகு அவரைக் கீழே மாற்றிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர் அந்தச் சீட்டுகளை அடுப்பெரிக்கப் பயன்படுத்தினார் என்று கேள்விப்பட்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

போன ஆண்டு வேலூருக்குச் சிகிச்சைக்கு வந்தபோது குப்பம்மாள் என் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். மிகவும் இளைத்திருந்தார். அவரிடம், "அந்தக் கடிதத்தை நீ எழுதியபடியே அனுப்பியிருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்று சொன்னேன். இந்த வார்த்தைகளை என் வாழ்நாளில் நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. என் கணவரிடம்கூடச் சொன்ன நினைவில்லை.

"ஆமாங்கம்மா" என்றார். காப்பியைக் குடித்து முடித்தார். வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் இல்லை, விடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள்.

கருமடுவு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நான் போயி பல வருசம் ஆச்சிங்க. பார்க்காதத நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த "ஆமாங்கம்மா" ஒன்றுதான். என் பிழையை அவர் ஓரளவு என்று சொல்லவில்லை. அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அதனால் என் மனம் ஆறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் இன்னும் மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் கால்கள் இனி அந்த ஏற்றத்தைத் தாங்கா. உங்களில் ஒருவர் கருமடுவுக்குப் போய், ஒரு பொழுது கரையில் உட்கார்ந்து, கற்களையும் புரட்டிப் பார்த்து, கண்டதை எனக்கு எழுதுங்கள். நல்ல செய்தியை நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றே எழுதுங்கள். ஆள் மூலம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். என் முகவரி மலரின் ஆசிரியரிடம் இருக்கிறது. கடிதமாகப் பதில் வேண்டும்.