கடல் என்று காட்டிய ஏரி

போருக்குத் தப்பி இந்தியாவுக்குப் போன படகு நடுக்கடலில் பழுதாகி, குடிக்கத் தண்ணீரின்றி என் அண்ணன் இறந்துபோனான். தொண்ணூற்றைந்தில் டொரன்டோவுக்கு வந்த அண்ணி, அவனுடைய திவசத்தன்று கடலில் பூப்போட வேண்டும் என்றார். கடலுக்கு ஒரு நாள் முழுக்கக் கார் ஓட வேண்டும். லீவு கேட்கப் பயந்த நான் ஒன்டாரியோ ஏரிக்குக் கூட்டிப்போய், "இதுதான் கடல், அண்ணி" என்றேன். கண்ணுக்கெட்டியவரை தண்ணீர், அக்கரை அமெரிக்கா தெரியவில்லை. நம்பிவிட்டார்.

பூவைப் போட்டுவிட்டு, தீர்த்தம்போல ஒரு வாய் அள்ளிக் குடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இது நல்ல தண்ணியெல்லோ?"

"ஓம் அண்ணி. பொய் சொல்லிப்போட்டன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளி விட்டார்.

"தாகத்தோட போன மனிசன். குடிக்கட்டும்."

எத்தனையோ விருந்தினருக்கு அந்த ஏரியைச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். போனதும் அள்ளுகிற முதல் கைத்தண்ணீர் அண்ணனுக்கு.