சர்க்கரை டப்பாவில் இருந்த அக்தோஸ்

சாபித் எதையும் தொலைக்காத மனிதன். தால்தீகொர்கான் நகரத்துக்கு வெளியே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு இருபத்திரண்டு வருஷமாக நிலக்கரி அள்ளிப்போடுகிறான். ஒரு மண்வாரியைக்கூடத் தொலைத்ததில்லை. பட்டாளத்து விடுவிப்புச் சீட்டு, இல்லாமல் போன தேசத்தின் பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு, எட்டு ஆடுகளின் காதுவில்லைகள் எல்லாம் அவன் பீரோவில், ஒரு பழைய சர்க்கரை டப்பாவுக்குள் இருந்தன. காதுவில்லை ஆட்டின் காதில்தானே இருக்க வேண்டும் என்று கேட்பவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க முடியாது. காதில் இருந்தால் முள்ளில் சிக்கி விழுந்துவிடும், விழுந்தால் அபராதம். டப்பாவில் இருந்தால் விழாது. அதிகாரி வருகிற அன்று காலையில் மாட்டினால் போயிற்று. சட்டத்தை நாங்கள் இப்படித்தான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறோம்.

போன இலையுதிர் காலத்தில் நாய்களுக்குச் சிப் ஏற்றும் முகாம் வந்தது. கால்நடை டாக்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குள்ள அறுபது நாய் முடிக்கணும்னு உத்தரவு. உன்னோடது அம்பத்தொன்பது. எங்கப்பா நாய்?"

"இப்பத்தான் இங்க நின்னுது டாக்டர். ஊசியப் பார்த்ததும் ஆத்துப் பக்கம் போயிடுச்சு."

"போகட்டும். சிப் நம்பரைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். ஊசி இந்தா. நாய் கிடைச்சதும் கூட்டிட்டு வா, போட்டுவிடறேன்."

அரிசி மணியளவு சிப், ஊசிக்குள், உறை பிரிக்காமல். சாபித் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அரசாங்கம் கொடுத்த பொருள். சேற்றில் புரளுகிற நாயை நம்பி ஒப்படைக்கிற பொருளா இது? ஊசி சர்க்கரை டப்பாவுக்குப் போயிற்று.

சாபித்துக்கும் அவன் மனைவி ஜாங்கிலுக்கும் பதினாலு வருஷம் பிள்ளை இல்லை. எங்கள் பக்கம், பிறந்த குழந்தையின் முதல் சட்டையை நாற்பதாம் நாள் கழற்றி, அதில் மிட்டாய் முடிந்து, நாயின் கழுத்தில் கட்டித் துரத்திவிடுவோம். நாய்ச்சட்டை என்று பேர். நாயைப் பிடித்தால் மிட்டாய் பிள்ளைகளுக்கு, சட்டை பிள்ளையில்லாதவளுக்கு. ஜாங்கில் பதினோரு வீட்டு நாய்களைத் துரத்திப் பதினோரு சட்டைகள் பிடித்திருக்கிறாள். கடைசிக் கடைசியில் ஊர் நாய்கள் அவளைக் கண்டாலே, சட்டை இல்லாமலேயே ஓட ஆரம்பித்திருந்தன. இந்தக் குளிர்காலத்தில், நாற்பத்தொரு வயதில், அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

நாற்பதாம் நாள், தன் வெள்ளை நெஞ்சு நாய் அக்தோஸின் கழுத்தில் சட்டையைக் கட்ட இடம் வேண்டுமென்று சாபித் தொலைபேசி எண் பொறித்த கழுத்துப்பட்டையைக் கழற்றினான். தொலையக்கூடாதே என்று டப்பாவில் போட்டான். கூட்டம் கத்திய கத்தலில் நாய் வேலி தாண்டிப் போனது போனதுதான். ஒரு மணி நேரம் எல்லாரும் சிரித்தார்கள். இருட்டிய பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நாலு நாள் ஆற்றங்கரை, இடுகாடு, செங்கல் சூளை என்று தேடினான். வீட்டுக்கு வந்தால் ஜாங்கில் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊரான் புள்ள சட்டைக்கெல்லாம் நாயா ஓடினேன். எம்புள்ள சட்டையத் தெருவுல விட்டுட்டியே." அவளுக்குப் பால் வற்றிக்கொண்டிருந்தது. குழந்தையின் அதிர்ஷ்டம் எந்தச் சாக்கடையில் கிடக்கிறதோ என்று அவள் சொல்லவில்லை. அவன் காதில் அதுதான் விழுந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் பஸ் ஓட்டுநர் ஒருவர் வழிமறித்தார். "நெஞ்சு வெள்ளை நாயா? கழுத்துல துணியோட? டவுன் சந்தைகிட்ட நாய் பிடிக்கிற வலை வண்டிக்காரன் பிடிச்சான்யா, அன்னிக்கே."

சாபித் டப்பாவோடு பஸ் ஏறினான்.

பிடிபட்ட தெருநாய்களை அடைக்கும் நாய்ப்பட்டியின் மேலாளர் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வெள்ளை நெஞ்சா? அதுக்குச் சிப் இருக்கா?"

"இருக்குங்க."

"எங்க? காலையிலகூடக் கருவியக் கழுத்துலேருந்து வால்வரைக்கும் ஓட்டினோம். சத்தமே இல்ல."

"இங்கங்க." டப்பாவிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினான்.

மேலாளர் கருவியை ஊசிமேல் காட்டினார். கீச்சென்று கத்தியது. "அக்தோஸ். ஆண். நாலு வயசு. உரிமையாளர் சாபித். எல்லாம் சரியா இருக்கு. தாராளமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இனிமே தெருவுல விடாதீங்க."

"ஐயா, நாய்?"

"கூண்டுல இருக்கறது சிப் இல்லாத தெருநாய். அஞ்சு நாள் கெடு முடிஞ்சுது. நாலு மணிக்கு விஷ ஊசி."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

"அப்ப அதை நானே தத்தெடுத்துக்கறேன்யா."

"உங்க பேர்லதான் ஏற்கெனவே ஒரு நாய் இருக்கே. இதோ, கையில வச்சிருக்கீங்க. ரெண்டாவது நாய்னா ஊர் நிர்வாகத்து ஒப்புதல் வேணும். திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை நாய் இருக்காதேய்யா! கழுத்துல எம்புள்ள சட்டை..."

"சட்டையா? வெறும் கழுத்து அதுக்கு."

சாபித் வெளியே வந்தான். கொட்டகைக்குப் பின்பக்கம் போய் "அக்தோஸ்!" என்று கத்தினான். நாற்பது தொண்டைகள் பதில் சொல்லின. எது அவனுடையது என்று தெரியவில்லை.

கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண் குழாயை மூடினாள். அக்மாரல் என்று கோட்டில் பேர் தைத்திருந்தது. "அண்ணா, இங்கெல்லாம் வரக்கூடாது."

அவன் கொட்டித் தீர்த்தான். சட்டை என்ற வார்த்தை வந்ததும் அவள் கை தன் கோட்டுக்குள் போனது. காலர் ஓரத்தில் மஞ்சள் துணி எட்டிப்பார்த்தது. விளிம்பு மடித்துத் தைக்காத துணி; முதல் சட்டைக்கு அதுதான் வழக்கம். ஜாங்கில் தைத்தது.

"நான் திருடலண்ணா. வந்த அன்னிக்கே அவுத்தேன். புடிச்சவளுக்குத்தானே வழக்கம்?"

"கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

"ஒன்பது."

அந்த நொடியில் சாபித் கணக்குப் போட்டானா, மனசு கரைந்தானா என்று எங்கள் ஊரில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. சட்டை இல்லாமல் வீட்டுப்படி ஏற முடியாது என்பது அவனுக்குத் தெரியும். கூண்டுச் சாவி அவள் இடுப்பில் தொங்கியதும் தெரியும். அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, ஆசி சொன்னான்: "வச்சுக்கம்மா. உன் மடி நிறையட்டும். எங்க வீட்டுக்காரி பதினொண்ணு புடிச்சா."

விரித்த கையில் ஊசி இருந்தது. அக்மாரல் அதைப் பார்த்தாள். பிறகு கூண்டைத் திறந்தாள்.

"தலையக் கெட்டியாப் புடிங்கண்ணா. ரெண்டு தோளுக்கும் நடுவுல போடணும். டாக்டரு போடறத ஆயிரம் தடவ பாத்திருக்கேன்."

நாலு மணிக்கு மேலாளர் கருவியோடு வந்தார். கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது விதி. கீச்சென்றது.

"காலையில கத்தலையே?"

"காலையில பேட்டரி செத்துக் கிடந்துச்சுங்க" என்றாள் அக்மாரல்.

மேலாளர் டப்பாவுக்குள் எட்டிப்பார்த்தார். "இதென்ன, ஆட்டு வில்லைங்களா? இது ஏன் ஆட்டுக் காதுல இல்ல?"

சாபித் அதற்குள் டப்பாவை மூடிக்கொண்டு நாயோடு வாசலைத் தாண்டியிருந்தான்.

பஸ்ஸில் நாயை ஏற்றவில்லை. பதினோரு கிலோமீட்டர் உருகின பனியில் நடந்து வந்தார்கள். ஜாங்கில் குழந்தையோடு வாசலில் நின்றாள். நாயைப் பார்க்கவில்லை, அதன் கழுத்தைப் பார்த்தாள்.

"சட்டை?"

"புடிச்சிட்டாங்க."

"யாரு?"

"நாய்ப்பட்டியில கூண்டு கழுவுறவ. ஒன்பது வருஷமாச்சாம்."

குழந்தை அழ ஆரம்பித்ததும் ஜாங்கில் அதைச் சால்வைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"ஓடாமலேயா புடிச்சா?" என்றாள். "கொடுத்து வச்சவ."

சாபித் உள்ளே போய், காலி ஊசி உறையைச் சர்க்கரை டப்பாவில் பத்திரமாக வைத்து மூடினான்.