பாண் காணாமல் போன வாரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் அப்பாதான் சமையல். இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைக்கு மேலே பஸ் ஏறாத இடம் என்பதால் மாவைப் புளிக்க வைத்துப் பாண் ரொட்டியையும் அவரே சுடுவார். உலக யுத்தம் முடிந்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. புதுத் துரையும் துரைசானியும் இங்கிலாந்திலிருந்து வந்து ஆறு மாதம் இருக்கும்.

ஒரு வாரம் பாண் காணாமல் போகத் தொடங்கியது. மூடி வைத்த பாதிப் பாண் காலையில் இருக்காது. துரைசானி மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள், சனிக்கிழமைக்குள் போய்விடும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பா பங்களாவுக்குப் பின்னாலிருந்த எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா சட்டிகளைச் சாக்கில் கட்டினாள்.

முந்திய வாரம்தான் நான் பங்களாவின் சமையல் குசினிக்குள் புகுந்து ஒரு துண்டுப் பாணைச் சீனி தொட்டுத் தின்றிருந்தேன். எல்லாக் களவுக்கும் நானே காரணமென்று தீர்ப்பெழுத ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அந்த ஒரு துண்டு போதாதா?

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும், துரை தனியாக இருந்த ஆபீஸ் அறைக்குப் போய் நின்றேன்.

"பாண நாந்தாங்க எடுத்தேன். அப்பாவ அனுப்பிறாதீங்க."

அவர் முகம் சிவந்தது. அடி விழுமென்று கண்களை மூடிக்கொண்டேன். விழவில்லை. மேசை லாச்சியை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. கண் திறந்து பார்த்தால், உள்ளே கைக்குட்டையில் சுற்றிய பாண் துண்டுகள். சிலவற்றில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"நீ எடுக்க இல்லை. நான் எடுத்தது," என்றார் தமக்குத் தெரிந்த தமிழில்.

பிறகு துரைசானியைக் கூப்பிட்டு லாச்சியைக் காட்டினார். அவர்கள் இங்கிலீஷில் பேசியது எனக்குப் புரியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். பத்து மணிக்கு எங்கள் வாசலுக்கே வந்து, அப்பாவைப் போக வேண்டாமென்று கையால் காட்டிச் சொன்னாள். அம்மா சாக்கை அவிழ்த்து உலை வைத்தாள். அன்றைய சோற்றை மூன்று பேரும் சிரித்துக்கொண்டே தின்றோம்.

துரை தாமாக வந்து அப்பாவிடம் தம் கதையைச் சொல்லியிருக்கிறார். அப்பா எங்களுக்குச் சொன்னார்.

"யுத்தத்துல குண்டு போடுற பிளேன்ல போனவராம். ஜெர்மன்காரன் சுட்டு விழுத்திட்டான். குடையக் கட்டிக் குதிச்சவரப் பிடிச்சு, ரெண்டு வருசம் கம்பி வேலிக்குள்ள வச்சிருந்தானாம். ஒரு பாண ஏழு பேரு பிச்சுத் திம்பாங்களாம்."

"அதான் வெளிய வந்துட்டாரே, இன்னும் எதுக்கு ஒளிச்சு வைக்கிறாரு?" என்றேன்.

அன்று முதல் அப்பா, யாரும் கேட்காமலே ஒரு புதுப் பாணைத் துணியில் சுற்றி அந்த லாச்சியில் வைப்பார். காய்ந்த பழையதைக் கோழிக்குப் போடுவார். துரை அங்கே இருந்த காலம் முழுவதும் இது நடந்தது. வேலை போய்விடக்கூடாதே என்ற பயத்தில்தான் அப்பா அப்படிச் செய்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.