பட்டிச் சுவரடியில் இருசம்மாள்

மண்சுவர் என்றால் இருசம்மாளுக்குக் குலை நடுங்கும். பின்னே, நடுங்காதா? ஐப்பசி அடைமழையில் வீட்டுச் சுவர் விழுந்துதானே அவள் புருஷன் பச்சமுத்து படுத்த பாயிலேயே போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு கீற்றுத் தட்டி கட்டிய குடிசையில்தான் மகன் ராசுவை ஆளாக்கினாள். தியாகதுருகம் பக்கம், கண்ணாயிரத்தின் மாட்டுப்பட்டியில் சாணி அள்ளுகிற வேலை. சுவரோரத்துச் சாணியை மட்டும் எட்ட நின்று துடைப்பத்தால் இழுப்பாள். ஊரே கேலி செய்தது.

"இந்தச் செவுரு வுழுந்துடுங்க ஐயா, மாத்திடுங்க" என்று வருஷக்கணக்காக நச்சரித்தாள். ஒருவழியாகக் கண்ணாயிரம் மனசு வைத்து, சின்னசேலத்திலிருந்து சிமென்ட் தூணும் பலகையும் இறக்கினார். தூணை நட்டு, இடையில் பலகைகளைச் செருகினால் சுவர். குழி வெட்ட வந்த ஆட்களில் ராசுவும் ஒருவன்.

பழைய சுவரை முதலில் இடித்திருக்க வேண்டும். அங்கேதான் கண்ணாயிரத்தின் மூளை வேலை செய்தது. ஒரு நாள் சுவர் இல்லாவிட்டாலும் மாடுகள் பக்கத்துக் கொல்லை மக்காச்சோளத்தில் இறங்கிவிடுமாம். புதுசு நிற்கிறவரை பழசும் நிற்கட்டும் என்றுவிட்டார். ஆக, சுவரின் அடியை ஒட்டியே குழி. முந்தின நாள் பெய்த மழை வேறு.

மூலைத் தூணுக்கான குழியில் ராசு குனிந்து மண் அள்ளிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே சுவர் விரிசல் விட்டிருந்தது. பொடிமண் உதிர்ந்துகொண்டே இருந்தது. மாற்றச் சொன்னவள் நான்தானே, என் பிள்ளைக்கு நானே குழி வெட்ட வைத்துவிட்டேனே என்று இருசம்மாள் தன்னையே நொந்துகொண்டாள்.

"டேய் ராசு, மேல வாடா. செவுரு சாஞ்சிக்கினு வருது."

"உனுக்கு எப்பவும் இதே பயம்தாம்மா. இன்னும் கொஞ்சம்தான், நீ போ."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். இருசம்மாள் நேரே நடந்து போய், அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். ஈர மண் சில்லென்று ஒட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பல் கிடுகிடுவென்று அடித்தது.

சிரிப்பு நின்றுபோனது.

"இன்னாமா பண்ற? ஏந்திரு."

"நீ மேல ஏறு, அப்பறம் நான் ஏந்திருக்கிறேன். வுழுந்தா ரெண்டு பேரு மேலயும் வுழட்டும்."

ராசு மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறினான். அவளால்தான் எழ முடியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. அக்குளில் கைகொடுத்து, தரதரவென்று பூவரச மரத்தடிவரை இழுத்துப் போனான்.

அவளைக் கீழே கிடத்தினானோ இல்லையோ, பின்னால் சுவர் மொத்தமாகச் சரிந்து குழியை மூடியது. புழுதி எழவில்லை, ஈர மண் பொத்தென்று விழுந்த சத்தம் மட்டும்தான்.

இருசம்மாள் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

"எம் புள்ள மேல வந்துட்டானா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா, வந்துட்டேன்" என்றான் ராசு.

அவள் நம்பவில்லை. கையால் துழாவி அவன் முகத்தைத் தேடினாள்.