ஐந்து தலைவர்களும் ஒரு சேவலும்

எங்கள் கோச்சடையில் மாடு காணாமல் போனால் யாரும் போலீசுக்குப் போகமாட்டார்கள். என் தாய்மாமாவிடம்தான் வருவார்கள். மாமா கண்ணை மூடி, வெற்றிலையை மென்றபடி, "காத்துல விசாரிப்போம்" என்பார். மூன்றாம் நாள் துப்புக் கிடைத்துவிடும். மாட்டுக்காரர் துப்புக்கூலியைக் கொடுத்துவிட்டுப் போய், எழுமலைப் பக்கம் ஏதோ ஒரு புளியமரத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்து வருவார். மாட்டின் மேல் ஒரு கீறல் இருக்காது. வெள்ளைக்காரச் சர்க்காருக்கே இல்லாத ஞானதிருஷ்டி மாமாவுக்கு உண்டென்று எட்டு வயதில் நான் நம்பினேன்.

அந்தத் தை மாதம் வண்டியூர்த் தெப்பத் திருவிழாவுக்கு ராட்டினம் வந்திருந்தது. ஏறியே ஆகவேண்டும், கையில் காலணா இல்லை. எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். ஐந்து பேருமே தலைவர்கள். அதுவரை நாங்கள் சாதித்தது கொய்யாத் திருட்டு ஒன்றுதான். அதிலும் பங்கு பிரிக்கையில் சண்டை போட்டுக் கத்தி, தோட்டக்காரரை நாங்களே வரவழைத்துவிடுவோம்.

மாமாவின் தொழிலே மேல் என்று தோன்றியது. எங்களுக்கு ஞானதிருஷ்டி கிடையாது, ஆகவே நாங்களே ஒளித்துவைத்துத் துப்புச் சொல்வதென்று முடிவு. மாடு முட்டும், ஆகவே சேவல். பழகிய சேவல் கத்தாது என்று, மாமாவின் சேவலையே பிடிக்கச் சொன்ன மேதை நான்தான். ஐவரும் சேர்ந்து பிடித்தோம். சேர்ந்தே வைக்கோற்போருக்குப் பின்னால் கூடை போட்டுக் கவிழ்த்தோம். துப்புச் சொல்லவும் சேர்ந்தே போனோம்.

"மாமா, சேவலக் காணோமாமே? காத்துல விசாரிச்சோம். ஆளுக்குக் காலணா ஆகும்."

மாமா என் தலையிலிருந்து ஒரு சிவப்பு இறகை எடுத்தார். அந்த நேரம் பார்த்து வைக்கோற்போர் கூவியது.

அடி விழுமென்று கண்ணை மூடிக்கொண்டேன். கேட்டது சிரிப்பு.

"அட மருமகனே! எடுத்தவன் ஒருத்தன், ஒளிச்சவன் ஒருத்தன், துப்புச் சொல்றவன் ஒருத்தனா இருக்கணும்டா. ஒருத்தன் மொகம் ஒருத்தனுக்குத் தெரியக் கூடாது. நீங்க என்னடான்னா, சீர்த்தட்டு தூக்கிட்டு வந்த மாதிரி அம்புட்டுப் பேரும் வந்து நிக்கிறீகளேடா!"

"நல்லாச் சொல்லிக் குடுங்க, குடும்பம் வெளங்கும்!" என்று அடுப்படியிலிருந்து அத்தை இரைந்தாள்.

அன்று மாலை மாமாவே வண்டி கட்டி, ஐந்து தலைவர்களையும் தெப்பத்துக்கு அழைத்துப்போய் ராட்டினத்தில் ஏற்றிவிட்டார். உச்சிக்குப் போனபோது கீழே பார்த்தேன். முண்டாசுக்காரர் ஒருவர் அழமாட்டாக் குறையாக ஏதோ சொல்ல, மாமா கண்ணை மூடி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

பாவம், திருவிழாவுக்கு வந்த இடத்திலும் மாமாவுக்கு ஓய்வில்லையே என்று இரங்கினேன். ஒரு பச்சைமிளகாய்கூடத் திருடியறியாத மனிதர், திருட்டைப் பற்றி எவ்வளவு ஆழமாக யோசித்து வைத்திருக்கிறார் என்று வியந்துகொண்டே இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.